இரண்டு மலையும் ஒரு கோடும்

மட்டக்கரைக்குக் கிழக்கே இரண்டு மலைகள் வந்து நின்ற அன்று, உப்பளத்துக்கு முதலில் இறங்கிய பெண்கள் அவற்றைப் பார்த்தார்கள், தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள், பலகையை எடுத்துப் பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. அந்த மலைகள் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மலைகள். இரண்டும் முக்கோணம், இரண்டும் ஒரே உயரம், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி விளிம்பு. நடுப்பள்ளத்தில் பாதிச் சூரியன், அதைச் சுற்றி நெட்டையும் குட்டையுமாகக் குச்சிக் கதிர்கள். பள்ளத்திலிருந்து இறங்கி வரும் ஆறு, நெளிந்த இரண்டு கோடுகள், சத்தமில்லாத தண்ணீர். ஆற்றங்கரையில் ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் உள்ள ஓட்டு வீடு, அதன் மேல் சாய்ந்த ஒரு தென்னை. மேலே கவிழ்த்துப் போட்ட மூன்று என்ற எண்ணைப் போல ஐந்தாறு பறவைகள், உடம்பில்லாமல், பறக்காமல், வானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

பிச்சைக்கனி மட்டும் வரப்பில் நின்று மலையைப் பார்த்துக் காறித் துப்பினார்.

அவருக்கு அதில் ஒரு பழைய கணக்கு இருந்தது. மட்டக்கரை உயர்நிலைப்பள்ளிக்கு டிராயிங் மாஸ்டராக வந்த ஞானசிகாமணி சார் மேற்கே அம்பாசமுத்திரத்துப் பக்கம், மலையடிவாரத்தில் பிறந்தவர். இந்த ஊரின் பேரே மட்டக்கரை. வீட்டு வாசலில் நின்றால் அடுத்த ஊர் பஸ் புறப்படுவது தெரியும், அப்படி ஒரு தட்டை. சாருக்கு முதல் நாளே மூச்சு முட்டியது. இடமாறுதல் கேட்டு எழுதினார், கிடைக்கவில்லை, மறுபடி எழுதினார், அதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காத கோபத்தில் ஒவ்வொரு டிராயிங் வகுப்பிலும் கரும்பலகையில் அந்த இரண்டு மலைகளை வரைந்து போட்டுவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பாமல் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பின்னால் வந்து அதையே பார்த்து வரைந்தார்கள். மலையை ஒரு தடவைகூட நேரில் பார்க்காத ஊர் முழுக்க, பென்சிலைக் கையில் கொடுத்தால் இரண்டு மலையைப் போட்டது.

பிச்சைக்கனி ஒன்பதாம் வகுப்பு படித்தபோது மாவட்டத்திலிருந்து அதிகாரி பார்வைக்கு வந்தார். பிள்ளைகள் தங்கள் சொந்த ஊரை வரையட்டும் என்று அவர் சொல்ல, எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மலை, ஒரு சூரியன், ஒரு ஆறு என்று போட்டுக் கொடுத்தார்கள். பிச்சைக்கனி தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே ஒரு கோடு போட்டுக் கொடுத்தான்.

சார் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். “என்னலே இது, வெத்துப் பேப்பர்?”

“கோடு இருக்கு சார்.”

“கோடு போட்டா படமாலே? படம்னா பார்க்க ஏதாவது இருக்கணும்லே.”

“எங்கூரு அப்படித்தான் சார் இருக்கு. மேல ஒண்ணும் இல்ல, கீழயும் ஒண்ணும் இல்ல.”

அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததால் வகுப்பே சிரித்தது. சார் அந்தத் தாளை நாலாக மடித்து அவன் சட்டைப்பையில் திணித்து வெளியே அனுப்பினார், அவன் வெளியே போனவன் போனவன்தான், மறுநாள் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்விட்டான். பள்ளிக்கூடம் போனது, பேர் மட்டும் கூடவே வந்தது. வெத்துப்பேப்பர். கல்யாணத்தில் கூட்டாளிகள் வெள்ளைத்தாளைச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார்கள். வலைக்கடையில் ஓலைக்கடையில் எங்கே போனாலும், “ஏ வெத்துப்பேப்பரு, வாரும்வே.” ஐம்பது வயது ஆன பிறகும் சின்னப் பையன்கள் “வெத்துப்பேப்பர் மாமா” என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அந்த மரியாதைதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

மலைகள் வந்ததற்கு முந்தின நாள் சாருக்கு ஓய்வு விழா. ஊர் முழுக்க அவரிடம் படித்த ஊர், ஆகவே ஊர் முழுக்கப் போனது. ஆளுக்கொரு தாள் கொடுத்து, “கண்ணை மூடிக்கிட்டு வரைங்கலே, பார்ப்போம்” என்றார் சார். கிழவனும் குமரியும் மீன்காரியும் மேஸ்திரியும் மைதானத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வரைந்தார்கள், கண்ணைத் திறந்தபோது ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் வித்தியாசம் இல்லை. பிச்சைக்கனி போகவில்லை. உடைந்த வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

மலைகளோடு ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. பஸ் கண்டக்டர் “மலையடி எல்லாம் எறங்கு” என்று குரல் கொடுத்தார். குற்றாலம் போக இருந்தவர்கள் போகவில்லை. இடது மலை முருகனுக்கு, வலது மலை மாதாவுக்கு என்று பேசி முடித்தார்கள், இரண்டும் ஒரே அளவு என்பதால் அதில் சண்டை வரவில்லை. தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்து, இதில் மலை இல்லை, அதனால் இது தற்காலிகம் என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அருளப்பன் என்ற மீன்காரர் படகில் மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து படகைக் கட்டிவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினார்.

“பின்னால என்னவே இருக்கு?” என்றார்கள்.

“வெள்ளையா இருக்கு.”

“பாறையா?”

“வெள்ளையா இருக்குன்னேம்லா. அங்க இன்னும் வரையல.” அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சூரியன்தான் தொந்தரவாக இருந்தது. அது மலைகளுக்கு நடுவிலேயே நின்றது. உச்சிக்கு ஏறவில்லை. காலையில் அங்கே தோன்றும், நாள் முழுக்க அங்கேயே மஞ்சளாக உட்கார்ந்திருக்கும், சாயங்காலம் அங்கேயே அமுங்கும். மத்தியானம் என்ற ஒன்று இல்லாமல் போனது. வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. துவைத்த துணி கொடியில் ஈரமாகவே கிடந்து நாறியது, கருவாடு காயாமல் புழுத்தது, பாத்தியில் நின்ற தண்ணீர் தண்ணீராகவே நின்றது. உப்பு விளையவில்லை. உப்பு விளையாத மட்டக்கரையில் வேலை என்று எதுவும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்ப்பதைத் தவிர.

அப்போதுதான் ஜனங்கள் அந்தப் பாதையைக் கவனித்தார்கள். உப்பளத்து ஓரத்தில் வண்டி போகிற அகலத்தில் தொடங்கி, நெளிந்து நெளிந்து போய், அந்த வீட்டுக் கதவில் நூலாக முடிகிற பாதை. அதில் முதலில் ஒரு ஆடு நடந்தது. போகப் போகச் சிறுத்தது. தூரத்தால் சிறுத்துத் தெரிகிறது என்றுதான் நினைத்தார்கள், தையல்காரர் ஜெபராஜ் பாதி வழி போய்த் திரும்பி வரும்வரை. அவர் திரும்பினார், உயரம் திரும்பவில்லை. இடுப்பளவு ஆளாக வந்து, வீட்டுக்காரி அவர் சட்டைகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்க, மேசைமேல் ஏறி உட்கார்ந்து மிஷினைக் கையால் சுற்றித் தொழிலைப் பார்த்தார். “வயித்துக்குக் கொஞ்சம் போதும், அதுவும் நல்லதுதான்” என்றார்.

அது தெரிந்த பிறகும் ஜனங்கள் போனார்கள். ஊரில் வேலை இல்லை, அங்கே ஆறு இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் இருக்கிறது. பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பாதையில் இறங்கி, முழங்காலளவாகி, சாணளவாகி, விரலளவாகி, கதவுக்குள் போனார்கள். போனவர்கள் ஜன்னலில் நின்று கையை ஆட்டுவதாகக் கண் நன்றாகத் தெரிகிறவர்கள் சொன்னார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், பந்தியில் நிறையப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கொசுவின் சத்தத்தோடு கலந்து வந்தது.

பிச்சைக்கனியின் மனைவி பூரணத்தாய் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். சிறுவயதிலிருந்து கூசும் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்கள் அவளுக்கு. தூங்கும்போதும் கண்ணோரத்துச் சுருக்கம் விரியாது.

“ஒரு நாளாவது கண்ணைச் சுருக்காம ஒரு எடத்தைப் பார்க்கணும்” என்றாள். “அங்க போனா பார்க்கலாம்.”

“விரலு உயரத்துக்கு ஆயிட்டுப் பார்க்கணுமாக்கும்.”

“இங்க மட்டும் என்ன உயரமா வச்சிருக்கீக என்னைய.”

இதற்கிடையில் தலைமையாசிரியையும் பஞ்சாயத்துத் தலைவரும் வீடு தேடி வந்தார்கள். மலை இல்லாமல் ஊரை வரையச் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்துப் பார்த்தார்களாம். பென்சில் தானாக மேலே ஏறித் தானாகக் கீழே இறங்குகிறதாம். தலைவரே போட்டுப் பார்த்தாராம், அவருக்கும் மலைதான் வந்ததாம். ஊரிலேயே அந்த மலையை ஒருநாளும் வரையாத கை பிச்சைக்கனியின் கை ஒன்றுதான்.

“ஒரு கோடு. ஒரே ஒரு கோடு போட்டுக் கொடுங்கண்ணாச்சி” என்றார் தலைவர். அவர் வெத்துப்பேப்பர் என்று கூப்பிடாமல் அண்ணாச்சி என்றது அன்றைக்குத்தான்.

பிச்சைக்கனி வெற்றிலையை நிதானமாக மென்றார். “போடுதேன். ஆனா அந்த ஞானசிகாமணி வரணும். பள்ளிக்கூடத்துல, அதே ஒன்பதாங்கிளாசுல, எல்லாரும் கேக்க, அது படம்னு சொல்லணும். சொன்னாத்தான் பென்சிலைத் தொடுவேன்.”

சாரிடம் போனார்கள். சார் வாடகை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, முதன்முறையாகக் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். “எத்தனை தடவை எழுதினேன், என்னை மலைக்கிட்ட அனுப்புனானா? இப்ப மலையே வந்திருக்கு. அதை அழிக்கதுக்கு நான் வந்து மன்னிப்புக் கேக்கணுமோ? போங்கய்யா.”

இப்படி இந்தக் கோபம் இந்த வீட்டு வாசலிலும் அந்தக் கோபம் அந்த வீட்டு வாசலிலும் உட்கார்ந்திருக்க, நடுவில் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதையில் இறங்கிக் காலியாகிக்கொண்டிருந்தது.

“அவரு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?” என்றாள் பூரணத்தாய். “கோட்டைப் போட்டுத் தொலைங்களேன்.”

“சொல்லட்டும்.”

“அப்ப நான் வெள்ளிக்கெழம போறேன். கோடு போட்டா இருக்கேன், போடாட்டிப் போறேன்.”

“நீ எங்க போவ” என்றார் பிச்சைக்கனி, எங்கே போவாள் என்பது ஜன்னலில் மஞ்சளாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே.

வெள்ளிக்கிழமை விடிகாலையில், வரப்பில் நின்ற பிச்சைக்கனியைத் தேடிச் சாரிடமிருந்து ஆள் வந்தது. சார் முந்தின நாள் பாதையில் இறங்காமல் ஆற்றோரமாகவே நடந்து மலையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கல் இல்லை, ஈரம் இல்லை, காற்று இல்லை. உள்ளங்கையில் பச்சை மெழுகு ஒட்டியது. அது அவருடைய மலை இல்லை. வந்து சொல்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

பிச்சைக்கனி வீட்டுக்கு வந்து முகம் மழித்தார். வெள்ளைச் சட்டையைத் தேடினார். பூரணத்தாய் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒரு துணி மூட்டை இருந்தது.

“காலையிலயே எங்க?” என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்தச் செய்தி ஊர் வாயால் அவள் காதுக்கு வரவேண்டும், தெருவே வந்து ‘ஒங்க வீட்டுக்காரரு ஜெயிச்சிட்டாருக்கா’ என்று சொல்லவேண்டும் என்று அவருக்கு ஒரு ருசி. “ஒரு சோலியா போறேன்” என்று மட்டும் சொல்லி, மூட்டையைப் பார்த்தும் பார்க்காதவராக, ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார்.

ஊரில் மிச்சமிருந்த ஜனம் எல்லாம் ஒன்பதாம் வகுப்பில் நெருக்கியடித்து நின்றது. ஜன்னல்கள் கிழக்கே பார்த்தவை. சார் கரும்பலகைக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்னைக்கு இவன் கொடுத்தது வெத்துப் பேப்பர் இல்ல. அது படம்தான்” என்றார்.

“பின்னால கேக்கல சார்” என்றார் பிச்சைக்கனி.

“அது படம்தான்.”

“வாசல்ல நிக்கவங்களுக்கும் கேக்கணும்லா.”

ஜன்னலோரம் இருந்த செல்வச்சந்திரா என்ற மாணவி, “யாரோ பாதையில போறாங்க” என்றாள். தினமும் யாராவது போகிற பாதை அது. யாரும் திரும்பவில்லை.

சார் கதவுவரை நடந்து போய், வெளியே நின்றவர்களைப் பார்த்து, “படம்தான். என் புத்திக்கு அன்னைக்கு எட்டல” என்று குரல் உடையச் சொன்னார். இன்னொரு தரம், வராந்தாவுக்கு. இன்னொரு தரம், பேர் வைத்துக் கூப்பிட்ட பழைய கூட்டாளிகளுக்கு. பிச்சைக்கனி ஒவ்வொன்றையும் வாங்கிக் கணக்குத் தீர்த்துக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தாளை இழுத்து, இடது ஓரத்தில் பென்சிலை வைத்தார்.

கோடு வந்தது. ஆடவில்லை, வளையவில்லை. பாதியில் நிறுத்தினார். தன்னைக் கூப்பிட்ட வாய்கள் எல்லாம் மூடிக் கிடப்பதை ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே, திரும்பித் திரும்பிப் பார்த்தார், பென்சில் முனை அதே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தது. பிறகு மீதிக் கோட்டையும் போட்டு வலது ஓரத்தில் முடித்தார்.

சத்தம் எதுவும் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. பழைய, கனமான, மண்டையைப் பிளக்கிற வெயில். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். மலை இல்லை, ஆறு இல்லை, வீடும் இல்லை, அதன் ஜன்னல்களும் இல்லை. கிழக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு கிடந்தது.

சார் தாளை எட்டிப் பார்த்தார். “நல்லாத்தாம்லே இருக்கு. நடுவுல ஒரு புள்ளி விழுந்துட்டு, எடுத்துரட்டுமா?” என்று சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்தார், பழக்கத்தில்.

“சார்” என்றாள் செல்வச்சந்திரா ஜன்னலைப் பார்த்தபடி. “அங்க நடுவுல ஒரு ஆள் நிக்காங்க. தலையில மூட்டை இருக்கு.”

பிச்சைக்கனி சாரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த இடத்தில் விரல் தடம் வெகுநாள் கிடந்தது.

மலைக்குப் போனவர்களைப் பற்றி மட்டக்கரையில் இப்போதும் வெளியூர் போனவர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்கள். சாவிகள் பக்கத்து வீட்டு ஆணிகளில் தொங்குகின்றன. உப்பு விளைகிறது. பிச்சைக்கனியை யாரும் வெத்துப்பேப்பர் என்று கூப்பிடுவதில்லை, வேறு எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. அவர் காலையில் எழுந்து கோட்டை நோக்கி நடப்பார். கோடு பின்னால் போகும், புள்ளியும் அதோடு ஒட்டிப் பின்னால் போகும். அந்தப் புள்ளி இந்தப் பக்கம் நடக்கிறது என்பது தெரிந்தது, கால் மாறுவது தெரிந்தது, ஆனால் எவ்வளவு நடந்தும் பெரிதாகவில்லை.

ஒருநாள் அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார்.

“ஆள் வரையச் சொல்லித் தாங்க. கிட்ட வந்தா எப்படி இருக்குமோ அப்படி.”

சார் தாளை வாங்கி மடியில் விரித்தார். “எனக்கு ஆள் வராதுலே” என்றார். “வந்திருந்தா ஏன் காலம் பூரா மலையாப் போட்டுக்கிட்டு இருந்தேன்?”

புது டிராயிங் மாஸ்டர் இன்னும் வரவில்லை. டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை அதைத் திரும்ப வாங்கி இவர்கள் இருவருக்கும் கொடுத்தார். கிழவர்கள் இருவரும் ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பிள்ளைகளை மாற்றி மாற்றி நிற்கச் சொல்லி, வேறு தாள்களில் காலும் கையுமாக வரைந்து பழகினார்கள். “முழங்கை அங்க இல்லலே, கொஞ்சம் கீழ.” “ஒமக்கு மட்டும் வந்துச்சாக்கும், அது உலக்கை மாதிரி இருக்கு.” பிள்ளைகள் சிரித்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வேண்டிய அளவு பழகியாயிற்று என்று தோன்றிய ஒரு நாளில், பிச்சைக்கனி அந்தத் தாளை விரித்து, புள்ளிக்கு நேர் கீழே, இந்தப் பக்கமாக, முதல் காலைப் போட்டார். அடுத்த காலைப் போட்டார். மடியிலே கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“நொண்டுதாங்க” என்றாள் ஜன்னலோரம் செல்வச்சந்திரா.

ஒரு கால் குட்டை. சாரின் கை சட்டைப்பைக்குப் போய், வெறுங்கையாகத் திரும்பியது. அழித்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. பிச்சைக்கனி யோசித்தார், நெட்டைக்காலின் பாதத்தின்மேல் சேலைக்கரையை இறக்கிப் போட்டு இரண்டையும் ஒரே அளவாக்கினார்.

“இப்ப நேரா நடக்காங்க. ஆனா குள்ளமா இருக்காங்க.”

“குள்ளமா இருந்தா இருக்கட்டும். கிட்ட வாராளா?”

“வாராங்க.”

சேலையைப் போட்டார், கையைப் போட்டார், தலையில் மூட்டையைப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே, முதல் பாத்தி வரப்பில், ஒரு பெண் வந்து நின்றாள். முகம் இருக்கவேண்டிய இடம் தாளைப்போல வெள்ளையாக இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திரும்பி, அசையாமல் நின்றாள்.

“முகத்தைப் போடுலே” என்றார் சார் மெதுவாக.

பிச்சைக்கனி பென்சிலைக் கண் இருக்கவேண்டிய இடத்துக்குக் கொண்டு போனார். சுருங்கிய கண் அவருக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடுவார். அதைப் போட்டுக் கொடுத்து மறுபடியும் இந்த வெயிலில் அவளைக் கொண்டுவந்து நிறுத்த அவருக்குக் கை வரவில்லை. விரிந்த கண்ணோடு அவள் எப்படி இருப்பாள் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

மணி அடித்தது. கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. வரப்பில் அவள் மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி, வெள்ளை முகத்தை இந்தப் பக்கம் வைத்துக் காத்திருந்தாள். பிச்சைக்கனி செல்வச்சந்திராவைப் பார்த்தார்.

“ஏட்டி, இங்க வா. வெயிலுக்கு முதுகைக் காட்டி உக்காரு” என்றார். “கண்ணை நல்லாத் தொறந்து என்னையப் பாரு.”